நீரடியில் ஓர் அடையாளம்

செட்டிநாட்டு வீதிகளைக் காண வரும் வெளியூர் அன்பர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மழைநீரை ஊருணிகளில் தேக்கிக் காத்து வாழ்ந்த இவ்வறண்ட மண்ணில், வீடுகளை ஏன் இத்தனை உயரமான மேடையின்மீது எழுப்பினார்கள் என்பதே அது. நம் பெரியவர்கள் தயங்காமல் விடை கூறுவார்கள்: "அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். கடல் ஊரைக் கொண்டுபோனதைக் கண்டவர்கள். ஆதலால் எங்கே குடியேறினாலும் தரையை உயர்த்தியே கட்டினார்கள்." நகரத்தார் தம் தொல்குடி வரலாற்றைக் கூறும்போதும் புகாரிலிருந்தே தொடங்குவார்கள். கடற்கரையை நீங்கிப் பாண்டிய நாட்டுக்கு வந்தபின், இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களைக் கொண்டே தம்முள் ஒவ்வொருவரும் இன்னார் என்று அடையாளம் காணும் முறையையும் அவர்கள் வகுத்துக்கொண்டார்கள்.

நம் சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. அலையோசையைக் கேட்க வேண்டுமெனில் தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிக்குச் செல்ல வேண்டும். ஆயினும் ஊரின் நினைவில் கடல் இருக்கிறது. அக்கடலுக்கடியில் ஒரு நகரம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிழக்கே கையைக் காட்டி, "அங்கே" என்கிறோம். அந்த "அங்கே" என்பதை ஓர் இடமாக மாற்றுவது எத்துணை அரிய செயல் என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம். நிலத்தில் ஓர் இடத்தைக் கண்டால், கல் நட்டுவிட்டு வரலாம். கடலில் கண்ட இடத்துக்கு மறுநாள் திரும்பிச் செல்வது எப்படி?

கரையைப் பார்த்துக் கடலை அறிந்தவர்கள்

இவ்வினாவுக்கு முதன்முதலில் விடை கண்டவர்கள் அறிவியலாளர்கள் அல்லர்; மீனவர்களே. மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உள்ளன. அவற்றைப் "பார்" என்று வழங்குவர். மீன் கூடுவது அங்கே. முத்துச்சிப்பி விளைவதும் அங்கே. மேலிருந்து நோக்குவோருக்கு எங்கும் ஒரே நீர்ப்பரப்புதான். எனினும் அனுபவமிக்க ஒரு மீனவர் சொல்லிவைத்தாற்போல் அந்தப் பாரின்மேல் படகை நிறுத்துகிறார்.

அவர் நோக்குவது கடலை அன்று, கரையை. கரையோரத்து ஆலயக் கோபுரமும் அதற்குப் பின்னே தொலைவில் தெரியும் மலைமுகடும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்வரை படகைச் செலுத்துகிறார். அவை இரண்டும் பொருந்திவிட்டால், படகு ஒரு குறிப்பிட்ட கோட்டின்மீது நிற்கிறது என்பது உறுதி. ஆனால் கோடு இடமாகாது. அக்கோட்டிலேயே எத்தனையோ காதம் முன்னும் பின்னும் செல்லலாமே! ஆதலின் வேறொரு திசையில் இன்னோர் இணையைத் தேடுகிறார். ஒரு பனைக்கூட்டமும் ஒரு மணல்மேடும் அவ்விணையாக அமையலாம். இரண்டாம் கோடு முதற்கோட்டை வெட்டும் புள்ளியே அவர் தேடும் இடம். கன்னியாகுமரிக் கரையில் இதனைக் "கணியம் பார்த்தல்" என்பர். ஏட்டில் எழுதப்படாமல், தந்தை மகனுக்குப் படகிலேயே கற்பித்த கணக்கு இது.

மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைக் கண்டோர் அறிவர். நிலத்திலிருந்து நோக்குவதைவிடக் கடலிலிருந்து நோக்கும்போதே அதன் உயரம் நன்கு புலப்படும். முத்துக்குளித்துறை ஊர்களின் ஆலயக் கோபுரங்கள் வழிபாட்டுக்கு அழைத்ததோடு, படகுக்கு இடமும் காட்டின. புகாரிலும் கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கம் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கரையில் உயர்ந்து நிற்கும் எதுவும் கடலில் இருப்பவனுக்கு ஓர் உறவாகிவிடுகிறது.

பார்களின் பெயர்களும் நம் கருத்தைக் கவர்கின்றன. தொள்ளாயிரம் பார், பெர்னாந்து பார், கரைக்கருவல், வெலங்குக்கருவல், நடுமலை பிடிச்ச பார், பெரியமலை பிடிச்ச பார் எனத் தூத்துக்குடிக் கடலில் பல பெயர்கள் வழங்கின. மீனவர் வழக்கில் "வெலங்கு" என்பது கரையை நீங்கிய கடற்புறம். ஆக, கரைக்கருவல், வெலங்குக்கருவல் என்னும் பெயர்களிலேயே திசை அடங்கியிருக்கிறது. "மலை பிடிச்ச" என்னும் அடைமொழியைக் கேட்கையில், கரையிலுள்ள மலையைக் குறியாகக் கொண்டு அறிந்த இடமாகலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. "ராஜாவுக்குச் சிப்பி சோதிச்ச பார்" என்றும் ஒன்று உண்டு. எந்த அரசனுக்காக எந்த நாளில் அச்சோதனை நடந்ததோ, பெயர் மட்டும் கடலின்மேல் மிதந்துகொண்டே வந்திருக்கிறது.

மிதவையும் கயிறும்

முத்துக்குளிப்பு தொடங்குமுன் பார்களைச் சோதிப்பது நெடுநாளைய வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கென அதிகாரிகள் இருந்தனர். சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். குளியாளர்கள் இறங்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துவருவார்கள். முதிர்ந்த சிப்பி நிறைந்த பார் என்று தெரிந்தால், அதன் எல்லைகளில் நங்கூரமிட்ட மிதவைகள் நிறுத்தப்படும். அவற்றுக்குள்ளேதான் படகுகள் குளிப்பு நடத்தலாம். கடலின் ஒரு பகுதிக்கு வேலியிடுவது போன்ற செயல் அது.

அக்குளியாளர்களின் உழைப்பை நாம் மறத்தலாகாது. காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பார்களை நோக்கி அவர்கள் இறங்கினார்கள். கையில் கூடை, இடையில் கயிறு, மேலே அக்கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு துணைவர். அடியில் அவர்களுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. இறங்கும் இடத்தைப் படகு காட்டியது. ஏறும் வழியைக் கயிறு காட்டியது. வழிதவறுவதற்குக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

1943-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி இந்நிலையை மாற்றியது. அழுத்தப்பட்ட காற்றை முதுகில் சுமந்து, வேண்டும்போது வேண்டிய அளவில் சுவாசிக்க அது உதவியது. ஸ்கூபா என்று இன்று நாம் சொல்லும் முறை அதுவே. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்ற அக்காலப் பகுதியிலேயே, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் ஒருவர் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளை ஆராய்ந்து 1960-இல் அறிக்கை அளித்தார். நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் முதலியோர் தாமே நீரில் மூழ்கிப் பார்களைக் கண்டு எழுதினர். பாட்டன்மார் மூச்சடக்கிக் கண்ட இடங்களைப் பேரர்கள் மூச்சுவிட்டுக்கொண்டே காணத் தொடங்கிய காலம் அது எனலாம்.

கரையை இழந்தவர்

மூச்சு நீண்டதும் புதியதோர் இடர் தோன்றியது. ஒரு நிமிடக் குளியாளர் கயிற்றின் அடியிலேயே இருந்தார். அரைமணி நேரம் நீந்தித் திரியும் மூழ்குநரோ கரையை முற்றிலும் இழந்துவிடுகிறார். கோபுரம் இல்லை, மலை இல்லை, வானமும் இல்லை. கண்ணும் துணைசெய்வதில்லை. முகக்கண்ணாடி வழியே நோக்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும், கால் பங்கு அண்மையில் உள்ளனவாகவும் தோன்றும். செந்நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். காதும் கைவிடுகிறது, நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான விரைவில் செல்வதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று உணர இயலாது. இன்று நம் கைப்பேசியிலும் இடம் காட்டும் செயற்கைக்கோள் அலைகளோ கடல்நீருக்குள் புகுவதே இல்லை.

ஆகவே மூழ்குநர்கள் பழைய கருவிகளையே நாடினர். திசைகாட்டி நீருக்குள்ளும் வடக்கையே காட்டும். அதைக் கையில் பிடித்து ஒரே திசையில் நீந்தி, காலுதைப்புகளை எண்ணுகின்றனர். இத்தனை உதைப்புக்கு இத்தனை மீட்டர் என்று முன்னரே பழகி அறிந்திருப்பதால், எண்ணிக்கை தூரமாகிறது. ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால், அக்கணக்குப் பிழைத்துவிடும். எனவே கயிறு மீண்டும் வருகிறது. படகிலிருந்து ஒரு கனத்த எடையை இறக்கி, அதில் கட்டிய கயிற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூழ்குநர் வட்டமாகச் சுற்றுகிறார். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைச் சற்று நீட்டி மறுசுற்று. செக்குமாட்டின் வட்டம் விரிந்துகொண்டே போவதைப் போன்றது அது. தேடியது கிடைத்துவிட்டால், அதில் ஒரு கயிற்றைப் பிணைத்து, மறுமுனையில் மிதவையை மேலே விடுகிறார். நீருக்கடியில் கண்டதை நீருக்குமேல் அறிவிக்கும் தூதன் அம்மிதவை. மேலே படகில் இருப்பவர்கள் அதன்மீது நின்று இடத்தை அளந்து குறித்துக்கொள்கின்றனர்.

அடியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே குறிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அசையாத இடங்களில் சில நிலைக்குறிகளை அடித்து நிறுத்துகின்றனர். ஒரு பொருளுக்கு ஒவ்வொரு நிலைக்குறியிலிருந்தும் எத்தனை மீட்டர் என்று நாடாவால் அளந்து, நீரில் அழியாத பலகையில் எழுதுகின்றனர். ஒரு குறியிலிருந்து அளந்தால் அப்பொருள் ஒரு வட்டத்தின்மேல் எங்கேனும் இருக்கலாம். இரண்டு குறிகளிலிருந்து அளந்தால் இரண்டே இடங்கள்தான் எஞ்சும். மூன்றாவது அளவு ஐயத்தை நீக்கிவிடும். கரையோரக் கிழவர் மலையையும் கோபுரத்தையும் கொண்டு செய்த கணக்கின் உடன்பிறப்பு அன்றோ இது!

புகார்க் கடலில்

இப்போது நம் முதற்கேள்விக்குத் திரும்புவோம். காவிரிப்பூம்பட்டினத்தின் நிலப்பகுதியில் 1963 முதல் 1973 வரை இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நிகழ்த்தியது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், அதன் மரத்தூண்களும் கிடைத்தன. அவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவின என்று கணிக்கப்பட்டது. வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனேசுவரத்தில் புத்த விகாரையும் வெளிப்பட்டன. ஆக, பாடல்கள் பாடிய பட்டினம் கற்பனையன்று என்பது உறுதியாயிற்று. கடலுக்குள் சென்ற பகுதியைத் தேடுவதே எஞ்சியது.

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் இப்பணியில் இறங்கின. லோத்தல் துறைமுகத்தை அகழ்ந்தவரும், துவாரகைக் கடலில் ஆய்வு நடத்தியவருமான எஸ்.ஆர். ராவ் இதனை வழிநடத்தினார். ஒலியலைகளைப் பக்கவாட்டில் செலுத்தி அடித்தரையின் நிழலோவியத்தை வரையும் சோனார் கருவியைக் கப்பல் இழுத்துச் சென்றது. 1991 மார்ச்சில் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஒரு பொருள் புலப்பட்டது. 1993-இல் மீண்டும் அங்கே சென்று மூழ்கி ஆராய்ந்தனர். அதன் சுற்றளவு 85 மீட்டர். இரு கைகளுக்கும் இடைப்பட்ட அகலம் 13 மீட்டர். உயர்ந்த பகுதியின் உயரம் 2 மீட்டர். கடல்வாழ் உயிரினங்கள் அடர்ந்து மூடியிருந்தன. சில இடங்களில் கல்லடுக்கு வரிசைபோன்ற தோற்றம் தெரிவதாகவும் எழுதினர்.

"மீண்டும் சென்று" என்று நாம் எளிதாக எழுதிவிட்டோம். அச்சொற்களுக்குள் அடங்கிய உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட செயற்கைக்கோள் இடங்காட்டி அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. 2000 மே 2-ஆம் நாள் அது நீக்கப்படும்வரை, அக்கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு முப்பத்தோராயிரம் சதுர மீட்டருக்கும் மேல். கலங்கிய நீரில் மூழ்குநருக்கோ கண்ணெட்டும் தொலைவு சில மீட்டர்களே. மேலும் 23 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது; சுமந்துசென்ற காற்றும் அவ்வாறே மூன்று மடங்கு விரைவில் தீரும். இடையே நின்று நின்று ஏறும் தேவையின்றி அடியில் தங்கக்கூடிய காலம் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. தேடுவதிலேயே அந்நேரம் தீர்ந்துபோனால், காண்பதற்கு நேரம் இல்லை. இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைத்திருப்பவருக்கே ஆராயும் பேறு கிட்டுகிறது.

அதே புகார்க் கடலில் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றின் எச்சங்களும் அறியப்பட்டன. அதிலிருந்த ஈயப் பாளங்களில் பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த ஈயம் தன் காலத்தைத் தானே கூறிவிட்டது. லாட வடிவப் பொருளோ ஒன்றும் கூறவில்லை. மனிதர் கட்டியதா, இயற்கையாய் அமைந்த பாறையா என்பது இன்னும் முடிவாகவில்லை. 2001-இல் பிரித்தானிய எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் கடலாய்வு நிறுவனத்தின் மூழ்குநர்களுடன் அங்கே இறங்கி, அது பனியுகத்தின் இறுதிக்காலத்து நாகரிகத்தின் சான்று என்று வாதிட்டார். கடல் மட்டம் அந்த ஆழத்துக்குத் தாழ்ந்திருந்தது பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் என்னும் கணக்கு அவருக்குத் துணையாயிற்று. ஆனால் நிலத்தில் கிடைத்த துறையோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையதே. இடைப்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரத்து எழுநூறு ஆண்டுகளை இணைக்கும் பொருள் எதுவும் அக்கடலடியிலிருந்து எடுக்கப்படவில்லை.

இரண்டு கோடுகள்

இவ்விடத்தில் நமக்கு ஒரு சோதனை எழுகிறது. நம் ஊரின் தொல்நினைவுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து முழங்க மனம் விரும்புகிறது. பழமை பெரிதாகப் பெரிதாகப் பெருமையும் பெரிதாகும் என்று எண்ணுகிறோம். ஆனால் கணியம் பார்க்கும் மீனவர் நம்மைத் தடுக்கிறார். ஓர் இணை மட்டும் பொருந்தியவுடனே வலையை இறக்குபவர் பாரைத் தவறவிடுவார். பாறையில் சிக்கி வலையையும் இழப்பார். மணிமேகலை கூறும் கடல்கோள் ஒரு கோடு. நகரத்தாரின் வாய்மொழி மரபும் அதே திசையில் நீளும் கோடுதான். அவை பொய்யான கோடுகள் அல்ல. அவை இல்லையேல் கப்பலை எத்திசையில் செலுத்துவது என்றே எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரு கோடு இடமாகாது. மண்ணும் பானையோடும் செங்கல்லும் ஈயமும் தருகின்ற மற்றொரு கோடு குறுக்கே வந்து வெட்ட வேண்டும். கீழையூரில் அவை வெட்டின. அங்கே ஒரு பட்டினத்துறை கிடைத்தது. 23 மீட்டர் ஆழத்தில் அவை இன்னும் வெட்டவில்லை. அங்கே நம்மிடம் இருப்பது ஒரு மிதவை மட்டுமே.

மிதவை மட்டுமே என்று இகழ்ந்துரைப்பதற்கில்லை. தாம் கண்டதை இன்னதென்று முடிவுகட்டாமல், ஆழத்தையும் அளவையும் எழுதிவைத்தவர்கள், தம்மை மறுக்கப் போகிறவர்களுக்கும் வழி காட்டிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் குறித்த இடத்துக்குப் பின்வருவோர் திரும்பிச் செல்ல முடிகிறது. 2025-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை புகார்க் கடலில் மீண்டும் ஆழ்கடலாய்வைத் தொடங்கியபோது, அவர்களுக்கு முன்னே கடல் வெறுங்கடலாக இல்லை. முன்னவர்களின் எண்கள் அங்கே இருந்தன. எழுதாமல் விட்ட கண்டுபிடிப்போ, கரையிலுள்ள தன் கோபுரத்தை எவருக்கும் சொல்லாமல் மறைந்த மீனவரின் பாரைப் போன்றது. கடல் அதனை மறுபடியும் தனதாக்கிக்கொள்ளும்.

இன்று மீன்பிடிப் படகுகளிலும் செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது. பாரின் இடம் எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இளைஞர்கள் மலையையும் கோபுரத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவை குறைந்துவருகிறது. பார்களின் பழம்பெயர்களையும் அவற்றின் கணியங்களையும் அறிந்த முதியவர்கள் நம் கடலோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதிவைப்பதும் ஒரு கடலாய்வே. அதற்கு மூச்சுக்கருவி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த படியேறும்போது நமக்குக் கடல் நினைவுக்கு வருகிறதெனில், அந்தக் கடலை அறிந்தவர்களிடம் சென்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.